பொய்ப்பூச்சி

என் வாப்பா மட்டக்களப்பு வாவியில் தூண்டில் போடுவார். அது அவருடைய தொழிலல்ல. கடையைப் பூட்டிவிட்டு, அஸருக்குப் பிறகு வாவிக்கரையில் குந்தியிருந்து நாலு மணலையோ இரண்டு கெளுத்தியோ பிடித்து வந்தாரென்றால் அன்றிரவு ஆணத்துக்குப் போதும். நாக்கிளிப்புழு தோண்டுவது என் வேலை. வாழையடியில் ஈரமண்ணைக் கிளறி, புழுக்களைச் சிரட்டையில் போட்டுக்கொண்டு அவருக்குப் பின்னால் நடப்பேன். அவர் முள்ளில் புழுவைக் கோத்துத் தங்கூசியை எறிவார். இந்த வேலையில் நன்மை தீமை பற்றிய கேள்வியொன்று ஒளிந்திருக்கலாம் என்று அவருக்கும் தோன்றியதில்லை, எனக்கும் தோன்றியதில்லை. மீன் பிடிப்பது தின்பதற்கு. அத்தோடு கதை முடிந்தது.

ஐம்பத்தெட்டாவது வயதில், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், அதே வேலையை அரிச்சுவடியிலிருந்து மறுபடி படிக்க நேர்ந்தபோதுதான் அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. இன்னும் விடவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தபாற்காரர், மனைவியை இழந்தவர். நான் வேலையிலிருந்து நின்ற அந்தக் குளிர்காலத்தில், வீட்டுக்குள் அடைந்துகிடந்த என்னை ஒரு செவ்வாய்க்கிழமை இரவு கிராம மண்டபத்துக்கு அழைத்துச் சென்றார். எட்டொன்பது கிழவர்கள் தத்தம் மேசைவிளக்கின் கீழே தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பெருநாளைக்கு முந்திய இரவில் தையற்கடை இருப்பதைப் போல இருந்தது. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சின்னஞ்சிறு வைஸ். அதன் வாயில் ஒரு தூண்டில் முள். அந்த முள்ளின் மேல் நூலும் இறகும் செம்புக் கம்பியும் சுற்றி ஒரு பூச்சியைச் செய்துகொண்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் அதை 'ப்ளை' என்கிறார்கள். நான் எனக்குள் அதற்குப் பொய்ப்பூச்சி என்று பெயர் வைத்தேன்.

இது புதிய வித்தையல்ல. மக்கெதோனியாவின் ஓர் ஆற்றங்கரையில் சனங்கள் முள்ளின் மேல் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடியின் கீழ் வளரும் இரண்டு இறகுகளை அதில் கட்டி மீன்பிடித்ததை, ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் ஏலியன் என்ற உரோம எழுத்தாளர் எழுதிவைத்திருக்கிறார். இன்றும் அடிப்படை அதேதான்: முள், நூல், இறகு.

முதல் இரவில் பெசன்ட் பறவையின் வால் இறகைக் கொண்டு ஒரு பூச்சி கட்டச் சொன்னார்கள். ஏவன் ஆற்றின் காவலராக இருந்த பிராங்க் சோயர் என்பவர் உருவாக்கியது அது. அவர் நூலே பாவிக்கவில்லை. மெல்லிய செம்புக் கம்பியால் நாலைந்து இறகிழைகளைச் சுற்றிக் கட்டினார். கம்பியின் பாரம் பூச்சியை நீருக்குள் இறக்கும், கம்பியின் மினுக்கம் இறகினூடே தெரியும். கேட்க எளிது. என் விரல்கள் வாழ்நாள் முழுதும் கணக்குப் புத்தகம் புரட்டியவை. கம்பி இரண்டு தடவை அறுந்தது. மூன்றாம் தடவை முள்ளின் கண் வரைக்கும் சுற்றிக்கொண்டு போய்விட்டேன்; கடைசி முடிச்சுக்கு இடமில்லை. அதையும் மீறி வார்னிஷ் பூசியபோது கண் அடைபட்டுவிட்டது. தங்கூசி நுழைய வழியில்லாத ஒரு பூச்சி. தபாற்காரர் அதைக் கண்ணாடிக்கூடாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதை மீன்களுக்குக் காட்டிவிடாதீர்கள். சிரித்தே செத்துப்போகும்."

அன்றிரவு வீடு திரும்பிப் படுத்த பிறகு ஒரு விடயம் உறுத்தியது. வாப்பா முள்ளில் கோத்தது புழு. அது மீனுக்கு மெய்யான இரை. அதில் வஞ்சம் இருந்தாலும் ஒரு கொடுப்பும் இருந்தது. எத்தனையோ தடவை மீன் புழுவைத் தின்றுவிட்டு வெறும் முள்ளை விட்டுச் சென்றிருக்கிறது. வாப்பா சிரித்துக்கொண்டு இன்னொரு புழுவைக் கோர்ப்பார். கொடுக்கல் வாங்கலில் சில நாள் மீனுக்கு இலாபம். இங்கே அப்படியில்லை. இறகில் மீனுக்கு ஒன்றுமில்லை. அது முழுப் பொய். ஓர் உயிரின் பசியைக் கற்று, அந்தப் பசியின் உருவத்திலேயே ஒரு பொய்யைச் செய்து, அதை அதன் வாயருகே மிதக்கவிடுகிறோம். மனிதனுக்கு மனிதன் இதைச் செய்தால் அதற்கு நம்மிடம் கடுமையான சொற்கள் இருக்கின்றன. மீனுக்குச் செய்தால் மட்டும் அது எப்படி ஒரு நுண்கலையாகிறது?

*

அந்தக் குளிர்காலம் முழுவதும் கட்டினேன். கட்டக்கட்ட, நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. பூச்சிகளைப் பார்க்கத் தொடங்கினேன்.

ஆற்றில் நீர் இரையைக் கொண்டுவரும். மீன் ஓரிடத்தில் நின்று வாங்கிக்கொள்ளும். நிலைநீரில் அப்படியல்ல. ஏரியிலும் நீர்த்தேக்கத்திலும் ட்ரவுட் மீன் இரையைத் தேடி அலையும். எந்த ஆழத்தில், எந்த மாதத்தில், எதைத் தின்கிறது என்பது தெரியாவிட்டால் நாள் முழுவதும் நீரை அடித்துவிட்டு வெறுங்கையோடு வரவேண்டியதுதான். இந்நாட்டு நிலைநீர்களில் ட்ரவுட் மீனின் முக்கிய உணவு கடியாத கொசுவினம் ஒன்று. நுளம்பைப் போல இருக்கும், ஆனால் இரத்தம் குடிக்காது. கூட்டமாகப் பறக்கையில் இரைவதால் இதற்கு 'பஸ்ஸர்' என்று பெயர். அதன் புழு குளத்தடிச் சேற்றுக்குள் வாழும். ஒட்சிசன் குறைந்த அந்தச் சேற்றில் தாக்குப்பிடிப்பதற்காக அதன் உடம்பில் நமது இரத்தத்தில் உள்ளதைப் போன்ற ஹீமோகுளோபின் உண்டு. ஆகவே செக்கச்செவேலென்று இருக்கும். பருவம் வந்ததும் கூட்டுப்புழுவாகி மெல்ல மெல்ல மேலே எழும். மேற்பரப்பை அடைந்ததும் நீரின் தோலுக்குக் கீழே சற்றுநேரம் தொங்கும். பிறகு முதுகு பிளந்து, சிறகோடு வெளிவந்து பறந்துவிடும். அந்த ஏற்றத்திலும் தொங்கலிலும்தான் ட்ரவுட் அதைப் பொறுக்குகிறது.

அதைப்போலச் செய்த பூச்சிக்குப் பன்னிரண்டாம் இலக்க வளைந்த முள், கறுப்பு நூல், மெல்லிய வெள்ளிக் கம்பியால் வளையங்கள், தலையருகே இருபுறமும் செம்மஞ்சள் கீற்று, மேலே வார்னிஷ் பூச்சு. அவ்வளவுதான். அதை நீருக்குள் இறக்கி, காற்று நூலைத் தள்ளும் வேகத்துக்கு விட்டுவிட வேண்டும். புதியவன் செய்யும் பிழை இழுப்பது. கூட்டுப்புழு ஓடாது; அது எழும். நான் முதல் மூன்று மாதம் இழுத்தேன், ஒன்றும் படவில்லை. இழுக்காமல் இருக்கப் படித்ததுதான் நான் படித்த முதற்பாடம்.

பிடித்துக் கொன்ற மீனின் இரைப்பையில் என்ன இருக்கிறதென்று பார்ப்பதற்கு ஒடுங்கிய நீளக் கரண்டி ஒன்று இருக்கிறது. எலும்பு மச்சையை எடுப்பதற்குச் செய்யப்பட்ட கரண்டியின் வாரிசு அது. தபாற்காரர் தன் மீனின் வாய்வழியே அதைச் செலுத்தித் திருகி எடுத்து, வெள்ளைக் கோப்பையில் நீர்விட்டு அலசிக் காட்டினார். முப்பது நாற்பது கூட்டுப்புழுக்கள். சில இன்னும் அசைந்துகொண்டிருந்தன. அவற்றின் பக்கத்தில் என் பூச்சியை வைத்தோம். என்னுடையது இரு மடங்கு தடிப்பு.

பொய்யை நன்றாகச் சொல்வதற்கு உண்மையை இவ்வளவு பொறுமையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த நாட்டில் நான் முப்பது வருடம் வாழ்ந்திருக்கிறேன். சித்திரையில் எந்த மரம் முதலில் துளிர்க்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. இப்போது எந்தப் புழு எந்தக் கிழமையில் எழும் என்று தெரிகிறது. இதைக் கொண்டு என்னை நானே நியாயப்படுத்திக்கொள்ளும் ஆசை எழுந்தது: 'வேட்டைக்காரனே காட்டை அறிந்தவன், அறிவது ஒருவகை அன்பு' என்று. அழகான வாக்கியம். ஆனால் மோசடிக்காரனும் தான் ஏமாற்றப்போகும் கிழவியின் தனிமையை நன்றாகவே அறிந்துவைத்திருக்கிறான். அறிவு மட்டும் அன்பாகிவிடாது. அறிவது எதற்காக என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

*

இந்த விளையாட்டுக்காரர்களிடம் அறச்சிந்தனை இல்லை என்று சொல்லவே முடியாது. நூறு வருடத்துக்கு மேலாக அவர்கள் சண்டை பிடித்திருக்கிறார்கள். பிரெட்ரிக் ஹால்போர்ட் 1886இல் மிதக்கும் பூச்சிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தென்னிங்கிலாந்தின் சுண்ணாம்பு நிலத்து ஆறுகளில், மேற்பரப்பில் இரையெடுக்கும் மீனுக்கு மேற்பரப்பில் மிதக்கும் பூச்சியைத்தான் காட்ட வேண்டும் என்பது அவரைப் பின்பற்றியவர்களுக்கு ஏறக்குறைய ஒரு மார்க்கமாகவே ஆகிவிட்டது. ஸ்க்யூஸ் என்ற சட்டத்தரணி 1910இல் வெளியிட்ட நூலில், மீன் பெரும்பாலும் நீருக்குக் கீழேதான் தின்கிறது, ஆகவே நீருக்குக் கீழே பூச்சியைக் காட்டுவதிலும் குற்றமில்லை என்று வாதிட்டார். இது நேர்மையா என்று 1938இல் இலண்டனில் அவர்களது கழகத்தில் முறைப்படி விவாதம் வைக்கும் அளவுக்கு விடயம் முற்றியது.

இதை வாசித்தபோது முதலில் வியந்தேன். பிறகு சிரிப்பு வந்தது. எப்படி ஏமாற்றலாம் என்பதில் இவ்வளவு நுணுக்கமாக நியாயம் பார்த்தவர்களுக்கு, ஏமாற்றலாமா என்ற கேள்வி பக்கத்தில் நின்றும் கண்ணில் படவில்லை. ஆனால் சிரிப்பு நீடிக்கவில்லை. நம்மைச் சுற்றிப் பார்த்தால் எங்கும் இதேதான். சீதனம் எவ்வளவு வாங்கலாம், எதை ரொக்கமாக, எதை வீடாக என்று நாமும் வரையறை பேசிப்பேசித்தானே காலத்தைக் கழித்தோம்? ஒரு செயலுக்குள் ஒழுங்கு வகுத்துவிட்டால் அந்தச் செயலுக்கே நியாயம் கிடைத்துவிட்டதாக மனிதமனம் எண்ணிக்கொள்கிறது. விதிகள் பல சமயங்களில் கேள்வியைத் தூங்கவைக்கும் தாலாட்டு.

இறகுகளின் கதையும் அப்படித்தான். தென்னிந்தியக் காட்டுச் சேவலின் கழுத்திறகில் மெழுகுத்துளி போல மஞ்சளும் வெள்ளையுமாகப் பொட்டுகள் இருக்கும். நமது நாட்டுக் காட்டுக்கோழியின் நெருங்கிய உறவு அது. சின்ன மீனின் கண்ணைப் போலத் தெரியும் என்பதற்காக அந்தக் கழுத்துத்தோல்கள் இந்தியாவிலிருந்து இந்த நாட்டுக்குக் கப்பலேறின. பிற்காலத்தில் இந்தியா அந்த ஏற்றுமதியைத் தடைசெய்தது. 2009இல் ஓர் இளம் இசை மாணவன், ட்ரிங் நகரிலுள்ள இயற்கை வரலாற்று நூதனசாலைக்குள் இரவில் புகுந்து 299 பறவைத் தோல்களைத் திருடினான். அவற்றுள் அல்பிரட் ரசல் வாலஸ் சேகரித்தவையும் இருந்தன. விக்டோரியா காலத்துச் செய்முறைப்படி சமன் மீனுக்கான பூச்சிகளைக் கட்டுவோர் அந்த இறகுகளைப் பெருவிலை கொடுத்து வாங்கினார்கள். அவர்களிற் பலர் அந்தப் பூச்சிகளை நீரில் போடுவதே இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். மீனை ஏமாற்றத் தொடங்கிய கலை, மீனையே மறந்து, தன் அழகிலேயே மயங்கி நின்ற கதை அது.

*

என் முதல் மீன் ஒரு யூலை மாத மாலையில் பட்டது. சிறிய ஏரி. பிடிப்பதை விட்டுவிடுவதற்கான சீட்டு வாங்கியிருந்தேன். கொல்வதற்கான சீட்டுக்கு விலை கூட. உண்மையில் விலைக்காக மட்டுமல்ல. விட்டுவிடுவது எனக்கு ஒரு தீர்வாகத் தெரிந்தது. ஏமாற்றுகிறேன், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் உயிரை எடுக்கவில்லையே. பற்றிக்கொள்வதற்கான எதிர்முள் இல்லாத முள்ளைத்தான் கட்டியிருந்தேன்.

நூல் நின்றது. காற்றில் வளைந்து நகர்ந்துகொண்டிருந்த நூல் நகராமல் நின்றது, அவ்வளவே அடையாளம். தடியைத் தூக்கினேன். அந்தக் கணத்தை எழுத எனக்குத் தெரியாது. இருண்ட நீருக்குள்ளிருந்து உயிருள்ள ஒன்று என் கையைப் பிடித்து இழுத்தது. ரெயின்போ ட்ரவுட், இரண்டு இறாத்தல் இருக்கும். அது பாய்ந்தது, ஓடியது, மறுபடி பாய்ந்தது. நான் புதியவன், இழுக்கத் தயங்கி, நூல் அறுந்துவிடும் என்று பயந்து, ஆறேழு நிமிடம் அதை விளையாடவிட்டேன். அத்தாங்கில் ஏந்தி, கரையில் தூக்கி, தபாற்காரரிடம் படம் எடுக்கச் சொன்னேன். படம் சரியாக வரவில்லை. இன்னொன்று எடுக்கச் சொன்னேன். பிறகு முள்ளைக் கழற்றி நீரில் விட்டேன். மெதுவாக நீந்திப் போனது. எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. ஓர் உயிருக்கு உயிர் கொடுத்தவன் போல நின்றேன்.

பத்து நிமிடத்தில் ஏரியின் நடுவே வெள்ளையாக ஒன்று மிதந்தது. வயிறு மேலாக.

தபாற்காரர் என்னைத் திட்டவில்லை. நீர் சூடு என்றார். ட்ரவுட் குளிர்நீர் மீன். நீரின் வெப்பம் இருபது பாகையைத் தாண்டினால் நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறைந்துவிடும். போராடிக் களைத்த மீனால் மூச்சுப்பிடிக்க முடியாது. அத்தோடு நான் அதைக் காற்றில் பிடித்து வைத்திருந்தேன். கோடையில் விட்டுவிடும் மீன்பிடியைப் பல ஏரிகளில் நிறுத்திவிடுவது இதற்காகத்தான். "நாங்கள் இன்றைக்கு வந்திருக்கவே கூடாது," என்றார். சற்றுப் பொறுத்து, "அல்லது நீங்கள் அதைக் கொன்றிருக்க வேண்டும்," என்றார்.

கொன்றிருக்க வேண்டும். அந்தச் சொல் என்னை வீடுவரை துரத்தியது. என் கருணை அதை மெல்லக் கொன்றது. கருணையில்லாத ஒருவன் அதை ஒரு நொடியில் கொன்று, தின்று, எலும்பைப் பூனைக்குப் போட்டிருப்பான். நான் அதைத் தின்னவுமில்லை, வாழவிடவுமில்லை. அதை விட்டது யாருக்காக என்று என்னையே கேட்டேன். மீனுக்காக என்றால் முதலிலேயே பிடித்திருக்க மாட்டேன். விட்டவன் என்ற பெயர் எனக்கு வேண்டியிருந்தது.

*

இந்தக் கேள்வியில் அறிவியல் என்ன சொல்கிறது என்று தேடினேன். மீனுக்கு வலி இல்லை என்பது தூண்டிற்காரர்களின் பழைய ஆறுதல். 2002இல் ஜேம்ஸ் ரோஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், வலியை வலியாக உணர்வதற்கு வேண்டிய மூளைப்புறணி மீனுக்கு இல்லை என்று எழுதினார். மறுவருடமே, 2003இல், லின் ஸ்னெடன் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் எடின்பரோவின் அருகே செய்த பரிசோதனையை வெளியிட்டார்கள். ரெயின்போ ட்ரவுட்டின் உதட்டில் தேனீ விஷத்தையும் அசற்றிக் அமிலத்தையும் ஏற்றினார்கள். மீன்களின் மூச்சு வேகம் கூடியது. அடிப்பகுதியில் கிடந்து இருபுறமும் ஆடின. அமிலம் ஏற்றியவை உதட்டைச் சரளைக்கற்களில் தேய்த்தன. நெடுநேரம் இரையைத் தொடவில்லை. தீங்கை உணரும் நரம்புமுனைகள் அவற்றின் முகத்திலேயே இருப்பதையும் கண்டார்கள்.

விவாதம் முடிந்துவிடவில்லை. ஆனால் சட்டங்கள் காத்திருக்கவில்லை. ஜேர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம், தக்க காரணமின்றி விலங்குக்கு வலி கொடுப்பதைக் குற்றமாக்குகிறது; உண்பது தக்க காரணம், விட்டுவிடுவதற்காகப் பிடிப்பது அல்ல என்பதே அங்கு நிலவும் விளக்கம். சுவிற்சர்லாந்தில் 2009 முதல், விட்டுவிடும் நோக்கத்தோடு மீன்பிடிப்பதற்குத் தடை இருக்கிறது. இங்கிலாந்தின் நிலை வேறு. 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், சாதாரணமாக மீன்பிடிக்கையில் நிகழ்பவை தனக்குள் அடங்கா என்று ஒரு பிரிவில் சொல்லி ஒதுங்கிவிடுகிறது. 2022இல் வந்த இன்னொரு சட்டமோ முதுகெலும்புள்ள எல்லா விலங்குகளும் உணர்வுள்ளவை என்று ஏற்கிறது. மீனுக்கும் முதுகெலும்பு உண்டு.

ஆக, நான் கருணை என்று நினைத்தது எல்லைக்கு அப்பால் குற்றம். நான் கொடுமை என்று நினைத்தது அங்கே கட்டளை. இந்தத் தலைகீழ் என்னை அசைத்தது. விடுவதை விடக் கொல்வது நேர்மையாக இருக்கக்கூடும் என்பதை நான் ஒருபோதும் யோசித்திருக்கவில்லை.

ஊரிலிருக்கும் காக்காவுக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"என்னடா தம்பி, புடிச்ச மீன உடுறத்துக்கா நீ காசு குடுக்காய்?"

"ஓம் காக்கா."

"வாப்பா இருந்திருந்தா ஒனக்கு ஓதிப் பாக்கச் சொல்லியிருப்பாரு."

நானும் சிரித்தேன். ஆனால் அவர் அடுத்துச் சொன்னது சிரிக்கக் கூடியதாக இல்லை. "நாங்க திங்கிறத்துக்குப் புடிக்கம். அதுல என்ன பாவம்?" என்றார். உண்மைதான். ஆயினும் வாப்பாவின் பனையோலைப் பட்டை என் நினைவுக்கு வந்தது. பிடித்த மீனை அதற்குள் போடுவார். அது துடிக்கும். நாங்கள் வீடு போய்ச் சேரும்வரை துடித்துக்கொண்டேயிருக்கும். கெளுத்தி என்றால் உம்மா சாம்பல் போட்டுப் பிடிக்கும்போதும் வாய் திறந்து மூடும். கோழி அறுக்கும்போது வாப்பா எவ்வளவு கவனமாக இருப்பார்! கத்தியைத் தீட்டிப் பார்ப்பார். கோழிக்குத் தெரியாமல் மறைத்துப் பிடிப்பார். ஒன்றின் முன்னால் இன்னொன்றை அறுக்கமாட்டார். மீனுக்கு அறுப்பு இல்லை. அது நமக்குத் தரப்பட்ட இலகு. ஆனால் அந்த இலகை, மீனின் சாவைப் பற்றி நினைக்கவே தேவையில்லை என்ற அனுமதியாக நாம் எடுத்துக்கொண்டோம். அறுக்க வேண்டியதில்லை என்பது வேறு, பட்டைக்குள் ஒரு மணித்தியாலம் மூச்சுத்திணறவிடுவது வேறு. கோழிக்குக் காட்டிய அந்தக் கவனத்தை மீனிடம் நம்மிடமிருந்து யாரும் பறிக்கவில்லை, நாமாகத்தான் விட்டோம்.

இங்குள்ள தூண்டிற்காரர்களின் பையில் ஒரு குறுந்தடி இருக்கும். மான்கொம்பிலோ மரத்திலோ செய்தது, ஒரு சாண் நீளம். மீனைக் கரைசேர்த்த அடுத்த கணம் அதன் உச்சந்தலையில் இரண்டு அடி. முடிந்தது. அந்தத் தடிக்கு அவர்கள் வைத்த பெயர் 'பாதிரியார்'. சாகும் ஒருவருக்குக் கடைசிச் சடங்கைச் செய்து வைப்பவர் என்பதனால் வந்த பகிடி. விளையாட்டுக்குக் கொல்பவன் மீனுக்கு நொடியில் சாவைக் கொடுக்கிறான். பசிக்குக் கொல்லும் நாம் அதை இழுத்தடிக்கிறோம். நோக்கத்தில் நாம் சுத்தம், செய்கையில் அவன் சுத்தம். இரண்டையும் ஒன்றாக வைத்திருக்கும் ஆளை நான் தேடினேன். அகப்படவில்லை. அப்படி ஒருவனாக ஆகலாமா என்று பார்ப்பதுதான் மிச்சமிருந்த வழி.

*

இங்கே ஒருவர் குறுக்கிடலாம். தின்பதுதான் நியாயம் என்றால் கடையில் வாங்கித் தின்னலாமே, எதற்கு இந்தத் தடியும் நூலும்? நல்ல கேள்வி. நான் பிடிக்கும் மீனும் காட்டு மீனல்ல. ரெயின்போ ட்ரவுட் வட அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்தது. பண்ணைத் தொட்டியில் உருண்டை உணவு தின்று வளர்ந்து, லொறியில் வந்து ஏரியில் இறங்குகிறது. பல ஏரிகளில் அது இனம்பெருக்க முடியாதவாறு ஆக்கப்பட்ட மீன். பிளாக்டன் நீர்த்தேக்கத்தில் 1904இல் பொதுமக்களுக்கு ட்ரவுட் மீன்பிடி திறக்கப்பட்ட நாளிலிருந்து இந்த நிலைநீர் விளையாட்டு நகரத்தின் குடிநீரோடு சேர்ந்து வளர்ந்தது. இயற்கை என்று நாம் போய் நிற்கும் இடமே மனிதன் கட்டிய அணை. நமது நுவரெலியாவும் அப்படித்தானே? 1880களில் வெள்ளைக்காரர் ட்ரவுட் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து, மலைநாட்டு நீரோடைகளில் தம் நாட்டு ஆறுகளை நட்டுவைத்தார்கள். அந்த மீனின் சந்ததி இன்னும் அங்கே இருக்கிறது.

ஆகவே காட்டோடு உறவாடுகிறேன் என்று நான் சொல்ல முடியாது. கடை மீனுக்கும் என் மீனுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான்: கடை மீனின் சாவை நான் பார்க்கவில்லை, இதன் சாவை என் கையால் செய்கிறேன். பார்த்துச் செய்வது பாராமல் தின்பதை விட மேலானது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அறிந்து செய்யும் தவறு அறியாமற் செய்வதை விடப் பெரிது என்பதும் நாம் படித்த பாடம். இந்த வாதம் இரண்டு பக்கமும் வெட்டும்.

கடைசியில் எல்லா வாதத்தையும் ஒதுக்கிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. எனக்கு அந்த இழுப்பு பிடித்திருக்கிறது. நூல் நின்று, தடி வளைந்து, நீருக்குள்ளிருந்து ஓர் உயிர் இழுக்கும் அந்தக் கணத்துக்காகத்தான் நான் போகிறேன். பூச்சியறிவு, ஏரியின் அமைதி, தபாற்காரரின் தோழமை எல்லாம் உண்மை; ஆனால் அந்த இழுப்பு இல்லாவிட்டால் நான் போகமாட்டேன். அந்த இழுப்பு எதனாலானது? மீனின் அச்சத்தினாலானது. என் மகிழ்ச்சியும் அதன் பயமும் ஒரே நூலின் இரண்டு முனைகள். ஹால்போர்டின் விதியும் ஸ்க்யூஸின் வாதமும் என் விடுதலைச் சீட்டும் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமலிருப்பதற்காகச் சொல்லப்பட்ட பல வாக்கியங்கள்.

இதைச் சொன்ன பிறகு தடியை முறித்துப் போட்டுவிட்டேன் என்று முடித்தால் கட்டுரைக்கு அழகு. அப்படிச் செய்யவில்லை. மகிழ்ச்சியை என்னால் சுத்தப்படுத்த முடியவில்லை; அதற்கு அளவு வைக்க முடிந்தது. வீட்டில் இருவர், ஆகவே இரண்டு மீன். இரண்டாவதைக் கொன்றதும் நூலைச் சுற்றிவிடுவேன், பகல் எவ்வளவு மிச்சமிருந்தாலும். கோடையில் போவதில்லை. விட்டுவிடும் சீட்டு வாங்குவதில்லை. பிடித்தால் கொல்வேன், கொன்றால் தின்பேன் என்று தெரிந்துகொண்டு பூச்சியை எறிவதால், எறிவதற்கு முன் கை சற்றுத் தயங்குகிறது. அந்தத் தயக்கம் வாப்பா கத்தியைத் தீட்டிப் பார்த்த நேரத்துக்குச் சமமாகுமா என்று தெரியாது. அதைத் தவிர வேறு எதையும் நான் சேர்த்துக்கொள்ளவில்லை.

போன மாதம் காக்கா பேசும்போது, பேரன் வாவியில் மீன் பிடிக்கப் பழகுகிறான் என்றார். ஒரு சின்னத் தடி செய்து கொடுக்கச் சொன்னேன். தூண்டிற் தடியா என்று கேட்டார். இல்லை, ஒரு சாண் நீளத்தில், கொய்யாக் கட்டையில் என்றேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

"செஞ்சி குடுக்கன்," என்றார்.